ஜெராய் மலைக்கு நாயோடு போகிறவர்கள் கவனத்திற்கு

கெடா மாநிலத்தின் பீடோங் பக்கம் எந்தத் தோட்டத்துச் செம்மண் பாதையில் நின்றாலும் ஜெராய் மலை கண்ணில் படும். தினமும் பார்க்கிற மலை என்பதாலேயே பலருக்கு அது லேசாகத் தெரிகிறது. 1,217 மீட்டர்தானே, கேமரன் மலையில் இருக்கிற ஈராவ் 2,110 மீட்டர் ஆயிற்றே என்று கணக்குப் போடுகிறார்கள். ஈராவுக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் வரை வண்டியிலேயே போய்விடலாம், மிச்சத்தைக் குளிர்காற்றில் நடந்தால் போதும். ஜெராயிலும் மலைமேல் உள்ள விடுதி வரை தார்ச்சாலை உண்டு, ஆனால் காட்டுவழி அப்படியில்லை. கடலோரச் சமவெளியில் இருந்து நேராக எழுந்து நிற்கிறது. அடிவாரத்தில் தொடங்கிக் காட்டுவழியாக ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் காலால்தான் கடக்க வேண்டும், பாதி தூரம் வரை கீழ்நாட்டு வெக்கை கூடவே வரும். நாயோடு போகிறவர் உயரத்தை விட இந்த வெக்கைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

மனிதனுக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அதனால் பெரிய பயன் இல்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்புச் சூட்டைக் குறைக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வாயின் ஈரம் ஆவியாகாது. மழை பெய்து ஓய்ந்த காலை, காட்டுக்குள் காற்று அசையாத நேரம், மனிதனுக்குக் குளுமையாகத் தெரியும். நாய்க்கு அதுதான் மோசமான நேரம். உயரம் கூடக்கூட நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்குச் சற்று மேலாகக் குளிரும். உச்சி, அடிவாரத்தை விட ஆறேழு டிகிரி குறைவு. அதனால் ஏறும்போது ஆபத்து முதல் பாதியிலும், இறங்கும்போது கடைசிப் பாதியிலும் இருக்கிறது. இறக்கத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பில் வேகமாக நடப்பார்கள், மதிய வெயிலும் அப்போதுதான் கீழே காத்திருக்கும்.

எந்த நாய் வரலாம் என்பதைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் முடிவு செய்யுங்கள். தோட்டத்தில் வளர்ந்த பதினைந்து, இருபது கிலோ நாட்டு நாய்க்கு நிகர் இல்லை. பக், ஷிட்சு, புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல், அவற்றை மலைக்குக் கொண்டுபோவது பாவம். ஹஸ்கி இந்த ஊருக்கே பொருந்தாத ரோமத்தோடு இருக்கிறது. ஒன்றரை வயதுக்குக் குறைவான பெரிய இன நாய்க்கு எலும்பு முழுதாக முற்றியிருக்காது, நீண்ட இறக்கம் மூட்டைக் கெடுக்கும். வயதான நாயைக் கூட்டிப்போகும் முன் இருதயத்தையும், கொசு பரப்பும் இருதயப் புழுவையும் மிருக மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். புழு இருக்கும் நாய் வீட்டில் நன்றாகத்தான் ஓடி ஆடும், ஏற்றத்தில் சுருண்டு விழும். காட்டுப்பன்றி விரட்டிப் பழகிய நாயும் வேண்டாம். தைரியசாலி, காடு தெரிந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். பன்றி வாசம் பட்டதும் அது உங்கள் நாய் இல்லை.

தடுப்பூசி விஷயத்தில் கெடாக்காரர்கள் அசட்டையாக இருக்கக்கூடாது. தாய்லாந்து எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது. வெறிநோய் ஊசியோடு, எலி மூத்திரம் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் ஊசியும் ஓராண்டுக்குள் போட்டதாக இருக்க வேண்டும். நகராண்மைக் கழக உரிமத் தகடு கழுத்துப் பட்டையில் இருக்கட்டும், பக்கத்திலேயே உங்கள் கைப்பேசி எண்ணும்.

அடுத்தது அனுமதி. ஜெராய் வனக்காப்பு நிலம். 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ் நிரந்தர வனக்காப்புக்குள் போக வன இலாகாவின் பெர்மிட் வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் கேட்கும்போதே நாய் வருகிறது, எந்தப் பாதை, எத்தனை பேர் என்று சொல்லிவிடுங்கள். மலிம் குனோங், அதாவது சான்று பெற்ற வழிகாட்டி, வேண்டும் என்றால் அவரிடமும் நாயைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள், வற்புறுத்தாதீர்கள். தஹான் மலை (2,187 மீட்டர்) இருக்கும் தாமான் நெகாராவுக்கும் கினபாலு பூங்காவுக்கும் நாயோடு போகும் யோசனையே வேண்டாம்.

பாதையில் மலாய்க்கார நண்பர்கள் வருவார்கள். நாயின் எச்சிலோ ஈர உடம்போ பட்டால் அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கும், மலைமேல் அது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். எதிரே ஆள் தெரிந்ததும் கயிற்றைச் சுருக்கி, பாதையை விட்டு இரண்டு எட்டு விலகி, நாயை உட்காரவைத்து, அவர்களைப் போகவிடுங்கள். மக்கள் குளிக்கிற, ஒளு எடுக்கிற (தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற) நீர்த்தேக்கத்தில் நாயை இறக்காதீர்கள், கிண்ணத்தில் மொண்டு தள்ளி வந்து கொடுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை தவிர்த்துச் செவ்வாய், புதன் போனால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

மலை தொடங்குவதற்கு முன்பே தோட்டத்து ஓரத்தில் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது எலி மருந்து. செம்பனை மரத்தடியில் மெழுகுக் கட்டியாக வைத்திருப்பார்கள். அது இரத்தம் உறையாமல் செய்கிற மருந்து. தின்ற நாய் அன்றைக்கு நன்றாகவே இருக்கும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்து, சோர்ந்து, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும். கட்டியைக் கவ்வியதைப் பார்த்தால் மலையை மறந்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும், முதல் இரண்டு மணி நேரத்திற்குள் என்றால் வாந்தி எடுக்கவைக்க முடியும். அதற்குப் பிறகு வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். மருந்துப் பையின் படம் கையில் இருந்தால் மருத்துவருக்கு வேலை சுலபம்.

இரண்டாவது கம்பிச் சுருக்கு. சட்டப்படி தடை, ஆனாலும் தோட்டமும் காடும் சேருகிற இடத்தில் பன்றிக்கு வைக்கிறார்கள். கயிற்றில்லாமல் முன்னே ஓடும் நாய்தான் மாட்டும். மாட்டிய நாய் இழுக்க இழுக்கக் கம்பி இறுகும், உதவ வருகிற கையையும் கடிக்கும். நாயோடு போகிற இருவரில் ஒருவர் துணியால் வாயைக் கட்டி, நாயைக் கம்பி கட்டியிருக்கும் மரத்தை நோக்கித் தள்ளித் தளர்த்த வேண்டும். மற்றவர் வெட்ட வேண்டும். சாதாரண குறடு கேபிள் கம்பியை வெட்டாது, மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள் வெட்டுகிற சிறிய கட்டர் ஒன்றைப் பையில் போடுங்கள். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த ஓட்டம் நின்றிருந்த தசை அடுத்தடுத்த நாட்களில்தான் கருக்கும்.

மூன்றாவது டுரியான். பருவத்தில் அடிவாரத் தோப்புகளில் விழுந்து கிடக்கும். நாய்க்கு அந்த வாசம் தாங்காது, சுளையோடு கொட்டையை விழுங்கிவிடும். கொட்டை குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைதான்.

பழக்குவதற்கு ஆறு வாரம் போதும். காலை ஆறரைக்குத் தோட்டத்துப் பாதையில் மூன்று கிலோமீட்டரில் தொடங்கி எட்டு வரை போங்கள், பிறகு மேடு பள்ளம், பிறகு படிக்கட்டு. பாதத்தோல் தடிப்பது இந்த நடையில்தான். கடையில் விற்கும் நாய்ச் செருப்பு நம் சேற்றிலும் வேரிலும் வழுக்கும், பாதம் வெட்டுப்பட்டால் இறங்க மட்டும் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். பழக்கும்போதே நான்கு சொற்களைப் பிடிவாதமாகக் கற்றுக்கொடுங்கள்: நில், உட்காரு, விடு, பின்னால் வா. இரண்டு பேரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘விடு’ என்பதும் மற்றவர் ‘டேய், துப்புடா’ என்பதும் நாய்க்கு இரண்டு மொழி.

நாயோடு இரண்டு பேர் போக வேண்டும் என்பது பேச்சுத் துணைக்காக மட்டும் இல்லை. இருபது கிலோ நாய் நடக்க முடியாமல் போனால் ஒருவரால் ஐந்நூறு மீட்டர்கூடத் தூக்கி இறக்க முடியாது. இரண்டு பேர் பத்துப் பத்து நிமிடம் மாற்றி மாற்றித் தூக்கினால் முடியும். பழைய கைலி ஒன்றைத் தோளில் குறுக்கே கட்டித் தூளியாக்கினால் நாயின் எடை இடுப்பில் இறங்கும், கை இரண்டும் சும்மா இருக்கும். இதை வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள், அடிபட்ட நாய் புதிதாகத் தூளியில் அடங்காது. அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாயைப் பிடிப்பவர், இலேசான பை அவருக்கு. மற்றவர் பாதையும் நேரமும் பார்ப்பவர், கனமான பை அவருக்கு. ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை மாறலாம். கிளம்பும் முன்பே பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இருவரில் யார் ‘போதும், திரும்பலாம்’ என்று சொன்னாலும் மற்றவர் மறுபேச்சுப் பேசக்கூடாது. ‘இன்னும் கொஞ்சம்தான் மச்சான்’ என்பதைக் காட்டில் தடை செய்யலாம். நாய் ஒருபோதும் போதும் என்று சொல்லாது. நீங்கள் போனால் அதுவும் விழும் வரை வரும்.

பையில் தண்ணீர்தான் முதல் கனம். சும்மா இருக்கும் நாளிலேயே கிலோவுக்கு ஐம்பது, அறுபது மில்லி குடிக்கும். ஏற்றத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். இருபது கிலோ நாய்க்கு இரண்டு லிட்டருக்கு மேல், ஆளுக்கு மூன்று லிட்டர் தனி. 100 பிளஸ் போன்ற சர்க்கரைப் பானம் நாய்க்கு வேண்டாம். கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், சுருள்கயிறு கூடாது. கழுத்துப் பட்டையை விட, முதுகில் கைப்பிடி உள்ள நெஞ்சுப்பட்டைதான் தேவை, படியிலும் பாறையிலும் அந்தக் கைப்பிடியால்தான் தூக்குவீர்கள். மலக்குடல் வெப்பமானி, காஸ் துணி, தன்னோடு தான் ஒட்டும் கட்டு, உப்புநீர்க் குப்பி, தேநீர் நிறத்துக்குக் கரைத்த அயோடின், உண்ணி எடுக்கும் கொக்கி, மழைக்கோட், தலைவிளக்கு, விசில். உங்கள் காலுக்குக் கம்போங் அடிடாஸ் என்று சொல்கிற கறுப்பு ரப்பர் சப்பாத்தே போதும், ஈர வேரில் விலை உயர்ந்த சப்பாத்தை விட நன்றாகப் பிடிக்கும். மலையேறுகிறவர்கள் கொறிக்கிற பாக்கெட்டில் உலர்ந்த திராட்சை இருக்கும், நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத மெல்லும் மிட்டாயும்கூட நாய்க்கு நஞ்சு. பனடோல், வலி மாத்திரை எதையும் மனிதக் கணக்கில் நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் பசியாறுவது வேறு, நாய் பசியாறுவது வேறு. நடக்கத் தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பு பாதிச் சோறு மட்டும் கொடுங்கள். வயிறு நிறைந்த நாய் ஓடினால் இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு, நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு அது இன்னும் அதிகம்.

நேரக் கணக்கு இப்படி. காட்டுப்பாதையில் நாயோடு ஒரு மணி நேரத்தில் 250 முதல் 300 மீட்டர் உயரம் ஏறலாம். ஆயிரத்து நூறு மீட்டருக்கு நான்கு மணி நேரம், இறங்க மூன்று. விடியும் முன் ஆறரைக்குத் தலைவிளக்கோடு கிளம்பினால் பத்தரை, பதினொன்றுக்கு மேலே, இரண்டு மணிக்குள் கீழே. இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வரும். பதினொன்றரைக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே திரும்ப வேண்டும், உச்சி நூறு மீட்டரில் தெரிந்தாலும் சரி. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் போகவே வேண்டாம். ஜனவரியும் பிப்ரவரியும் வடக்கே வறட்சி, பாதை காய்ந்திருக்கும், ஆனால் ஓடையில் தண்ணீர் குறைவு.

குரூணில் இருந்து விடுதிக்குப் போகும் தார்ச்சாலை காட்டை விடச் சுலபம் என்று நினைப்பவர்கள் உண்டு. வளைவுகளில் வண்டி வரும், பத்து மணிக்கு மேல் தார் சுடும். புறங்கையை ஏழு விநாடி சாலையில் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதில் வெந்துபோகும்.

அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நில்லுங்கள். நிற்கும்போது நாயின் வாயைப் பாருங்கள். நாக்கு நீண்டு, நுனி அகண்டு விரிந்தால் சூடு ஏறுகிறது. நின்று ஐந்து நிமிடத்தில் இளைப்பு தணிந்தால் போகலாம். தணியவில்லை, எச்சில் நூலாகக் கெட்டிப்படுகிறது, ஈறு செங்கல் நிறமாகிறது, நிழலைத் தேடிப் படுக்கிறது, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்புகிறது என்றால் வெப்பமானியை எடுங்கள். சாதாரண நாயின் சூடு 38 முதல் 39.2 டிகிரி. ஏற்றத்தில் 40 வரை போகும். 40.5 தாண்டினால் அன்றைய மலையேற்றம் முடிந்தது. 41-க்கு மேல், தள்ளாடுதல், வாந்தி, இரத்தக் கழிச்சல் என்றால் உயிருக்கே ஆபத்து.

அந்த நிலையில் முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் இறக்க வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் நாயை இழக்கிறார்கள், வழியெல்லாம் சூடு உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். இருக்கிற தண்ணீர் முழுவதையும் வயிறு, தொடையிடுக்கு, அக்குள், பாதம் என்று ஊற்றி, தொப்பியாலோ மழைக்கோட்டாலோ விசிறுங்கள். ஓடை பக்கத்தில் இருந்தால் தலையை மேலே பிடித்துக்கொண்டு உடம்பை நனையுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், துண்டு சீக்கிரமே சூடாகி வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். 39.5-க்கு வந்ததும் நனைப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மேல் குளிர்ந்துவிடும். நாய் எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவமனைக்குத்தான், சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் கோளாறும் ஒன்றிரண்டு நாள் கழித்து வெளிப்படும்.

அட்டையைப் பற்றி மனிதர்கள்தான் கூச்சல் போடுவார்கள். காலில் ஏறுகிற அட்டை நாய்க்குப் பெரிய தீங்கு செய்யாது. விரலிடுக்கு, காது உள்மடல், கண்ணிமை, உதடு, வாலடி ஆகிய இடங்களில் தேடி, நகத்தால் உறிஞ்சும் வாயைப் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். உப்பும் நெருப்பும் கண்ணுக்கும் மூக்குக்கும் அருகே வேண்டாம். உண்மையில் பயப்பட வேண்டியது ஓடைத் தண்ணீரில் இருக்கும் மூக்கட்டை. நாய் நேராக ஓடையில் குடிக்கும்போது நூல்போல் சின்னதாக மூக்குக்குள் போய் ஒட்டிக்கொண்டு, வாரக்கணக்கில் இரத்தம் குடித்து வளரும். ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம், விடாத தும்மல், மூக்கைக் காலால் தேய்ப்பது அதன் அடையாளம். தண்ணீர்க் கிண்ணத்தை மூக்கடியில் வைத்துக் காத்திருந்தால் சில நேரம் அது தலையை நீட்டும், மருத்துவர் இடுக்கியால் பிடித்து இழுப்பார். வராமல் தடுப்பது சுலபம்: ஓடையில் வாய் வைக்கவிடாமல் கொண்டுபோன தண்ணீரையே கொடுப்பது.

ஓடை என்றதும் கெப்பாலா ஆயர், அதாவது மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக ஓடையில் இறங்குவது, பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் இதே மலையில் இருந்து யான் என்ற ஊர்ப் பக்கம் இறங்கிய நீரும் பாறையும் மரமும் உயிர்களைக் கொண்டுபோயின. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மழை கொட்டியிருக்கும். ஓடை திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் அதிகமாக மிதந்து வந்தால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், ஓடையின் போக்கிலேயே கீழே ஓடாதீர்கள், பக்கவாட்டில் கரையேறுங்கள். நாய் அக்கரையில் மாட்டிக்கொண்டால் இறங்கிப் போய்ப் பிடிக்காதீர்கள். நீர் வடிய நேரம் ஆனாலும் வடியும்.

செங்குத்தான வேர்ப்படியில் ஒருவர் மேலே ஏறி நின்று கூப்பிட வேண்டும், மற்றவர் கீழிருந்து கைப்பிடியைத் தூக்கிவிட வேண்டும். மனிதன் கயிறு பிடித்து ஏறுகிற பாறையில் நாய் ஏறினாலும் இறங்காது. ஏறும் முன்பே இறக்கத்தை யோசியுங்கள். கயிற்றை மணிக்கட்டிலோ இடுப்பிலோ சுற்றாதீர்கள், நாய் வழுக்கினால் நீங்களும் சேர்ந்து போவீர்கள். இறங்கும்போது நாய் உங்களுக்குப் பின்னால் வரட்டும், முன்னால் விட்டால் இழுப்பில் உங்கள் முழங்கால் போய்விடும்.

உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன, வேலிக்குள் நுழைய முயலாதீர்கள். மேகம் விலகினால் யான் வயல்வெளியும் மெர்போக் ஆற்று முகமும் மலாக்கா நீரிணையும் தெரியும். வங்கக்கடல் கடந்து வந்த கப்பல்காரர்களுக்கு ஜெராய்தான் கரை அடையாளம். சுமார் 1025-இல் பழைய கெடாவான கடாரத்தின்மேல் வந்த ராஜேந்திர சோழனின் படையும் இந்த மலையைப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்குங்கள். இடி கேட்டால் அந்தப் பத்து நிமிடமும் இல்லை.

கீழே வந்ததும் கதவை மூடிய வண்டியில் நாயை விட்டுவிட்டு மாமாக் கடைக்குச் சாப்பிடப் போகாதீர்கள். முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், இளைப்பு அடங்கி ஒரு மணி நேரம் கழித்துச் சோறு. வீட்டில் குளிப்பாட்டி, விரலால் தோலைத் தடவி உண்ணி தேடுங்கள், மறுநாளும் தேடுங்கள். கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுக்க வேண்டும், எண்ணெய் ஊற்றினாலோ நசுக்கினாலோ அது தன் வயிற்றில் இருப்பதை நாய்க்குள் கக்கும். ஒன்று முதல் மூன்று வாரத்திற்குள் காய்ச்சல், சோறு வேண்டாம் என்பது, வெளுத்த ஈறு, தோலில் சிவப்புப் புள்ளி, காப்பி நிறச் சிறுநீர் இவற்றில் ஏதாவது தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது எந்தத் தேதியில் எந்தக் காட்டுக்குப் போனோம், ஓடையில் குடித்ததா, மரத்தடியில் எதையாவது தின்றதா என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், எந்த இரத்தப் பரிசோதனை செய்வது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.